மெத்தைக் குழி

அவன் பகலில் தூங்குவான். நான் இரவில்.
தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்
இரும்பு ஏணியில் ஏறிப் போகும் அறை.
ஒரு கட்டில், ஒரு பஞ்சு மெத்தை,
வாடகையில் பாதி பாதி.
காலை ஏழரைக்கு அவன் வேலை முடிந்து வருவான்,
நான் வேலைக்குக் கிளம்புவேன்.
ஒருவர் இறங்கினால்தான் மற்றவர் ஏறலாம்.
மூன்று வருஷத்தில் நாங்கள் பேசியதெல்லாம்
"தண்ணி வந்துச்சா?"
"வந்துச்சு."

பலவேசம் என் காசைத் திருடியதில்லை.
என் சோப்பைத் தொட்டதில்லை.
நான் வெறுத்தது
அவன் விட்டுப்போகும் சூட்டை.
தலையணையில் பிருங்காமலகத் தைலத்தின் பச்சை வட்டம்.
மெத்தையின் நடுவே அவன் முதுகளவு ஒரு குழி.
சுவரோரம் ஒட்டிப் படுத்தாலும்
நடுச்சாமத்தில் உருண்டு அதற்குள் கிடப்பேன்,
அச்சில் ஊற்றிய மெழுகாக,
அவன் வடிவத்தில்.

வெறுப்புக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று
யார் சொன்னது?
பாலுக்குப் பிரை எவ்வளவு வேண்டும்?
ஒரு துளி. விடிவதற்குள் உறைந்துவிடும்.

ஜூலை. நாலு நாளாக விடாத மழை,
தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாக ஆணி கொட்டுகிறார்கள்.
ஏணியில் வரும்போதே அவனுக்கு இழுப்பு.
கட்டிலில் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவினான்.
நீல நிற பம்ப் கைதவறி விழுந்து, உருண்டு,
என் தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றது.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
விரலை நீட்டினான். பேச மூச்சில்லை.

நான் ஷூ நாடாவைக் கட்டினேன். இரண்டு முடிச்சு.
குடையை எடுத்தேன்.
ஏணிக்கு எட்டுப் படி.

சயான் ஸ்டேஷனில் தண்டவாளம் முழுகிக் கிடந்தது,
வண்டி இல்லை.
திரும்பி நடந்தால் பன்னிரண்டு நிமிஷம்.
டீ குடித்தேன்.
இன்னொரு டீ குடித்தேன்.

நான் திரும்பியபோது சந்தில் கூட்டம்.
வாடகை கேட்க ஏறிய ஷேவந்தாபாய்
இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.
ஹவால்தார் ஆஸ்துமா என்று எழுதிக்கொண்டார்.
என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?

நாங்குநேரியிலிருந்து அண்ணன் வந்தார்.
பெட்டியை நகர்த்தியதும் பம்ப் கிடைத்தது.
"இங்கனதான் கெடந்துருக்கு, பாவி கைக்கு எட்டல"
என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
பிறகு என் கையைப் பிடித்து
"தம்பிக்கு நீங்கதான் தொணை" என்றார்.
அந்தக் கையை மூன்று முறை கழுவினேன்.
அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை.
குடிக்கப் பிடித்து வைத்திருந்ததில் கழுவினேன்.

பஞ்சு அடிப்பவனைக் கூப்பிட்டு
மெத்தையைப் பிரித்து, அடித்து, மறுபடி தைத்தாயிற்று.
ஆறு நாள் தட்டையாக இருந்தது.
ஏழாம் நாள் குழி வந்துவிட்டது.
இப்போது நான் உருள்வதில்லை.
தூங்கினால்தானே உருள?
சுவரோரம் குத்தவைத்து விடியவிடியப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
காலையில் நடுவே கை வைத்தால்
சுடுகிறது.

பாதி வாடகைக்குக் கொம்பையா வந்திருக்கிறான்.
கல்லிடைக்குறிச்சிப் பையன், துறைமுகத்தில் இரவு வேலை.
ஏணிக்கடியில் எனக்காகக் காத்து நிற்கும்போது
முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறான்.
அந்தத் திருப்பலை எனக்குத் தெரியும்.
மூன்று வருஷம் நான் பழகியது அது.

நேற்று முதன்முறையாக
தண்ணீரைத் தவிர வேறு கேட்டான்:
"அண்ணே, என்ன தைலம் தேய்க்கீங்க?
தலகாணி பூரா பச்சை."

நான் தைலம் தேய்ப்பதில்லை.

"மன்னிச்சுக்கப்பா," என்றேன்,
"இனிமே தேய்க்கல."